ஏன் சட்டம் என்று கேட்டிருந்தார்கள்

சட்டக் கல்லூரிக்காரர்களுக்கு நான் ஏன் வருகிறேன் என்று தெரிய வேண்டுமாம். மதிப்பெண் பட்டியல் கொடுத்தாயிற்று, நுழைவுத் தேர்வு எழுதியாயிற்று, இத்தனை வருடம் ஆய்வகத்தில் குப்பை கொட்டியதற்குச் சான்றிதழும் வைத்தாயிற்று. அதெல்லாம் போதாது. 'அறிவியல் படித்த நீங்கள் சட்டம் பயில விரும்புவது ஏன்? உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு இரண்டு பக்கங்களுக்குள் எழுதுக.' என் வாழ்க்கை என்ன துணிக்கடைத் துண்டா, அளந்து கிழித்துக் கொடுக்க? எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினேன், வேறு வழி?

முதலில் எழுதியது எங்கள் ஆய்வகத்து இயந்திரத்தைப் பற்றி. டி.என்.ஏ. வரிசையைப் படித்துச் சொல்லும் இயந்திரம் அது. அது எப்படிப் பொய் சொல்லும், அதை எப்படிப் பிடிப்போம் என்று விலாவாரியாக எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பார்க்க ஒருவனைப் பிடித்தேன். என்னோடு வேலை பார்க்கும் தோழியின் தம்பி, சட்டம் இரண்டாம் ஆண்டு. எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் திருப்பித் தருவான் என்பதால் அவன் அக்கா அவனுக்கு வைத்த பெயர் கத்தரிக்கோல். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். யாரையும் தம்பி என்று கூப்பிடும் பழக்கம் எனக்கு விட்டுப் போயிருந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது அந்த மிஷினோட வாழ்க்கை வரலாறு மாதிரி இருக்கு. மிஷினுக்கு வேணா சீட்டு குடுப்பாங்க."

ஆய்வக உணவகத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இரண்டாவதை நீட்டினேன். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனபோது ஒரு வக்கீல் என்னை ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லச் சொல்லி மடக்கிய கதை. அவன் அதையும் உதட்டைப் பிதுக்கித் தள்ளிவிட்டான். சாட்சி சொல்லப் போன எல்லாரும் அதையேதான் எழுதுவார்களாம். மூன்றாவது ஈஸ்ட். முதுகலையில் நாங்கள் வளர்த்த ஓர் ஈஸ்ட் வகைக்கு ஒரு கம்பெனி காப்புரிமை கேட்டு எங்கள் பேராசிரியரை அலைக்கழித்த விவகாரம்.

"இது பரவால்ல. சட்டமும் இருக்கு, சயின்ஸும் இருக்கு. ஆனா ரெண்டாவது பாராவுக்கு மேல யாரும் முழிச்சிருக்க மாட்டாங்க." அவன் தாளைக் கீழே வைத்தான். "விடுங்கக்கா. நிஜமாவே ஏன் போறீங்க? நல்ல வேலை, நிரந்தர வேலை. எதுக்கு இந்த வயசுல?"

தோழி என்னைப் பார்த்தாள். "அதை எழுதேன்டி" என்றாள் மெதுவாக.

"நீ வாயை மூடு."

"எதைக்கா?" என்றான் அவன். நான்தான் சொன்னேன். யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

என் தம்பி சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் நிலைக்க மாட்டான்; இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி என்று மாறிக்கொண்டே இருப்பான். நாலு நாள் போன் வராது, ஐந்தாம் நாள் வாசலில் வந்து நின்று, பசிக்குது என்பான். அப்படிப் போனவன் ஒரு தடவை வரவே இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். அங்கே ஒரு அதிகாரி, அம்மாவின் கன்னத்து உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக் கொடுங்கள், அடையாளம் தெரியாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். அவர் பக்குவமாகத்தான் சொன்னார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"பொணத்தோட பொருத்திப் பாக்கவா? என் புள்ள உயிரோட இருக்கான். நான் குடுக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீயும் கொடுக்கக் கூடாது, என் மேல் சத்தியம் பண்ணு என்றாள். அடையாளம் காணும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளிடம் கேட்கிற சத்தியமா இது? ஆனால் அப்பா போனபிறகு எங்கள் இருவரையும் தனியாக நின்று வளர்த்தவள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மறுக்க வாய் வரவில்லை. சத்தியம் செய்தேன்.

ஆனால் என்னுடைய டி.என்.ஏ. ஏற்கெனவே எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. அங்கே வேலை பார்க்கிற எல்லாருடையதும் இருக்கும். யாரையும் தேடுவதற்கல்ல, எங்களைக் கழிப்பதற்கு. ஒரு தும்மல், ஒரு தலைமுடி, கையுறையில் ஒரு கிழிசல் போதும், சோதனைக்கு வந்த மாதிரியில் எங்களுடையது கலந்துவிடும். அதனால் முடிவு வந்ததும் முதல் வேலையாகப் பணியாளர் கோப்போடு ஒப்பிடுவோம். எங்களில் ஒருவரோடு ஒத்துப்போனால், மாசு பட்டுவிட்டது என்று எழுதித் தூக்கிப் போட்டுவிடுவோம். அது எங்கள் தொழில் சுத்தம்.

வெளியூர்க் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஒருவர் யாரென்று தெரியவில்லை. எலும்புத் துண்டு எங்களிடம் வந்தது. மிகவும் வெந்துபோன எலும்பு. டி.என்.ஏ.வில் ஆணா பெண்ணா என்று காட்டும் இடம்கூடப் படிக்க வரவில்லை. படிக்க வந்த சில இடங்களும் என்னுடையதோடு ஒத்துப்போயின. துறைத் தலைவர் என்ன நினைப்பார்? கோப்பில் 'பணியாளரால் மாசு, பயன்படாது' என்று எழுதி மூடினார். எனக்கு மெமோ வந்தது, கவனக்குறைவு என்று.

நான் கவனக்குறைவா? எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தலைவர் சத்தம் போடாத மனிதர், அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் ஏறியது. மற்றவர்கள், போய்த் தொலையட்டும் விடு, மெமோதானே என்றார்கள். விடவில்லை. வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன். வீட்டுக்குப் போயும் ஓயாது, அம்மாவிடம் கத்துவேன். என் எச்சில் பட்டதாம் அந்த எலும்பில், எனக்கென்ன கை நடுங்குகிற வயதா என்பேன். அம்மாவும் என் பக்கம் நின்று தலைவரைத் திட்டித் தீர்ப்பாள். அவளுக்கு அப்போது கண் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. நரம்பு முன்பே பழுதாகியிருந்ததால் பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

அந்த அறுவைச் சிகிச்சைதான் எனக்குத் துருப்புச்சீட்டாக வந்தது. எலும்புப் பொட்டலத்தைத் திறந்தது, எலும்பைப் பொடித்தது, இயந்திரத்தில் ஏற்றியது எல்லாம் ஒரே வாரத்துக்குள். அந்த வாரம் முழுக்க நான் அம்மாவோடு மருத்துவமனையில் இருந்தேன். வருகைப் பதிவு, கதவுக் கேமரா, திரவங்கள் தயாரித்தவர்களின் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகத் தலைவர் மேஜையில் அடுக்கினேன். நான் தொட்ட ஒரு புட்டிகூட அந்த எலும்பின் பக்கம் போகவில்லை என்று நிரூபித்தேன். பத்து வக்கீல் வந்தாலும் உடைக்க முடியாத வாதம். பேசி முடித்துவிட்டு, இப்போ என்ன சொல்றீங்க என்கிற மாதிரி நின்றேன்.

தலைவர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். மெமோவை எடுத்துக் கிழித்தார். "நீங்க சொல்றது சரிம்மா. என் தப்புதான்" என்றார். பிறகு அந்த எலும்பின் டி.என்.ஏ. வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் குத்திக் காட்டாமல், உண்மையாகவே தெரியாதவர் கேட்பதுபோலக் கேட்டார்: "அப்ப இது யாரு?"

எனக்கு அந்த நொடி வரை அது உறைக்கவே இல்லை. என் பெயரைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்துவிட்டேன். நான் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டேனே, நான் இல்லையென்றால் என்னோடு இவ்வளவு ஒத்துப்போக உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ஜெயித்த அதே இடத்தில், அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி. சத்தியத்தை மீறி என் மாதிரியைக் கொடுத்தேன். எலும்பின் வேறு பகுதியை எடுத்து வேறு ஆய்வகத்தில் பார்த்தார்கள். அவன்தான். அதற்குள் நகராட்சி அவனைப் புதைத்து மேலே வெறும் எண் எழுதிய ஒரு பலகையை நட்டிருந்தது. என் தம்பியின் எலும்பு என் மேஜைக்கு நாலு மேஜை தள்ளி அலமாரியில் இருந்திருக்கிறது. நான் அந்த அறையில் உட்கார்ந்து கோபப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"பணியாளரோட ஒத்துப்போனா அவங்க குடும்பத்துல யாராவது காணாமப் போயிருக்காங்களான்னு கேக்கணும்னு ஒரு விதி இல்லையா சார்?" என்று தலைவரிடம் கேட்டேன். இல்லை என்றார். யார் எழுத வேண்டும் அந்த விதியை என்று கேட்டேன். அது சட்டம் தெரிந்தவர்கள் வேலை என்றார். அன்றைக்குத்தான் சட்டம் படிப்பது என்று முடிவு செய்தேன்.

கத்தரிக்கோல் தேநீரைத் தொடவே இல்லை. அது ஆடை கட்டிப் போயிருந்தது. "அக்கா, இதை எழுதினா சீட்டு கெடைச்சாச்சு" என்றான்.

"செத்தவன் முதுகுல ஏறி உக்காந்து சீட்டு வாங்கச் சொல்றியா?"

அவன் முகம் சுண்டிப் போயிற்று. பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவனுக்கு என் தம்பியின் வயதுகூட இருக்காது.

"அதுக்கில்லப்பா. அம்மாவுக்கு இது தெரியாது" என்றேன். அம்மாவிடம் நான் சொன்ன கதையே வேறு. தீ விபத்து நடந்த உடனேயே வேன் கம்பெனிக்காரர்கள் வந்து அடையாளம் காட்டிவிட்டார்கள், நம் விலாசம் தெரியாமல் அவர்களே மரியாதையாக அடக்கம் செய்துவிட்டார்கள், தகவல்தான் நமக்குத் தாமதமாக வந்தது என்று சொல்லியிருக்கிறேன். அவளைக் கூட்டிப் போவதற்கு முன்பே எண்ணைப் பிடுங்கிவிட்டுப் பெயர் வெட்டிய கல்லை வைத்துவிட்டேன். அவள் அந்தக் கல்லைத் தடவித் தடவி அழுதாள். அநாதையாகப் போகவில்லையே, பேரோடு போனானே என்றுதான் அன்றைக்கு மனதைத் தேற்றிக்கொண்டாள். ஒரு பஞ்சுக் குச்சிக்கு அவள் சரி என்று சொல்லியிருந்தால் அவன் எண்ணாகப் போயிருக்க மாட்டான். அது அவளுக்குத் தெரிந்தால் அதோடு அவள் முடிந்தாள். மிச்சமிருக்கிற நாளெல்லாம் தன்னையே அறுத்துக்கொண்டு இருப்பாள்.

"அம்மாவா அக்கா படிக்கப் போறாங்க? காலேஜ்காரங்கதானே?"

"எங்க வீட்டுக் கதை உனக்குத் தெரியாது" என்றேன். கண் போனதிலிருந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, வாரப் பத்திரிகைத் தொடர்கதை, எதிர்வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, எல்லாம். நான் வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன் என்று தெருவில் ஒருவரை விடாமல் சொல்லி வைத்திருக்கிறாள். அந்த இரண்டு பக்கத்தை எப்போது வாசிக்கப் போகிறாய் என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறாள்.

தோழிதான் வழி சொன்னாள். "ஈஸ்ட்டை அம்மாவுக்குப் படி. தம்பி கதையைக் காலேஜுக்கு அனுப்பு." எனக்கும் சரியென்றுதான் பட்டது. சனிக்கிழமை உட்கார்ந்து தம்பியைப் பற்றி ஒரே மூச்சில் எழுதினேன். மூன்று வாரமாக ஈஸ்ட்டோடு மல்லாடியவளுக்கு இது ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. எழுதி முடித்தபோது உடம்பெல்லாம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பார்வை தேவைப்படாத வேலையெல்லாம் தனக்கு வேண்டும் என்று பிடுங்கி வைத்துக்கொள்வாள். நான் எதிரே உட்கார்ந்து ஈஸ்ட்டை வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடுதான் வாசித்தேன். அவள் நடுவில் கொட்டாவி விட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா. எப்படி இருக்கு?"

"மாவு புளிக்கிறதுக்குப் போடுவாங்களே அதுவா?"

"அதேதான்."

"அதுக்காகவா நீ வேலையை விட்டுட்டுப் போற?" வெங்காயத் தோலை ஊதித் தள்ளினாள். "என்னடி கதை விடுற. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகல. நீ வாசிக்கிறப்பவே தெரியுது, ஒனக்கே அதுல ஒட்டல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "வேற என்னத்தைம்மா எழுத? என் வாழ்க்கைல என்ன நடந்திருக்கு?" என்று சமாளித்தேன்.

"ஏன் நடக்கல? மெமோ குடுத்தாங்களே உனக்கு. ஆபீஸ்ல இருந்து வந்து வீட்டையே ரெண்டாக்குவியே. சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டு எந்திரிச்சுப் போனியே ஒருநாள். அதை எழுது."

கையிலிருந்த தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். "அதுல என்னம்மா இருக்கு?"

"என்ன இருக்கா? செய்யாத தப்புக்குத் தலை குனிய மாட்டேன்னு நின்ன. ஒத்த ஆளா நின்னு அந்த ஆளு வாயாலயே தப்புன்னு ஒத்துக்க வெச்ச. வக்கீலுக்கு வேற என்ன வேணும்? அதுவும் என் ஆபரேஷனை வெச்சுத்தானே ஜெயிச்ச, அதையும் போடு. எங்க அம்மா கண்ணு எனக்குச் சாட்சி சொல்லுச்சுன்னு போடு." அவள் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டாள். சிரித்து முடித்தவள், ஏதோ ஞாபகம் வந்தவளாகக் கையை நிறுத்தினாள். "ஆமா, அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள உன் தம்பி சேதி வந்து எல்லாம் மறந்து போச்சு. அது உன்னோடது இல்லன்னு ஆயிடுச்சுல்ல. அப்ப அந்த எலும்பு யாரோடது?"

அவளுக்குத் தெரிந்துதான் கேட்கிறாளோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊர்க்கதை கேட்கிறவள் போலத்தான் உட்கார்ந்திருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் வந்தது. சொல்லிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிடலாம். எத்தனை நாள்தான் நான் மட்டும் சுமப்பது? வாய் வரைக்கும் வந்தது.

"தெரியலம்மா" என்றேன்.

"கண்டுபிடிக்கவே இல்லியா?"

"அப்புறம் அது என்கிட்ட வரல."

"பாவம்" என்றாள் அம்மா. "யாரு பெத்த புள்ளையோ."

தாளை இன்னொரு மடிப்பு மடித்தேன். பேசினால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். அவள் வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிக்காமலே இருந்தாள்.

"அவன் அம்மா எங்கயோ வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு. எனக்காவது சேதி வந்துச்சு. கல்லைத் தொட்டுப் பாத்தேன், அழுது தீத்தேன். அவளுக்கு அழக்கூட வழி இல்ல பாரு. எனக்குத் தெரியும்டி அது எப்படி இருக்கும்னு. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நெஞ்சு எந்திரிச்சு உக்காரும்."

"ம்."

"நீ ஒண்ணு பண்ணு. ஏன் சட்டம் படிக்கிறன்னுதானே கேக்குறாங்க? அந்தப் பொம்பளைக்காகத்தான்னு எழுது. அவ புள்ள யாருன்னு அவகிட்ட சொல்லாம விட்டுட்டாங்க, அதைக் கேக்க ஆளு வேணும், அதுக்குத்தான் படிக்கிறேன்னு எழுது. ஈஸ்ட்டாம் ஈஸ்ட்டு."

தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெங்காயம் அவள் உரிக்க, கண்ணீர் எனக்கா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். அப்படி ஓர் அழுகை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் மறுபடி உரிக்க ஆரம்பித்திருந்தாள்.

அன்று மாலை சனிக்கிழமை எழுதியதைத் திறந்தேன். தம்பி என்று வந்த இடங்களையெல்லாம் வெட்டி எடுத்தேன். பஞ்சுக் குச்சியை எடுத்தேன், சத்தியத்தை எடுத்தேன், என்னை உட்காரவைத்த தலைவரின் கேள்விக்குக் கிடைத்த விடையை எடுத்தேன். மிஞ்சியது ஒரு மெமோவும் ஒரு சண்டையும், யாருடையதென்று தெரியாத ஒரு எலும்பும். கடைசியில் அம்மா சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே, எழுத்துத் தமிழில் போட்டேன்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை கொட்டாவி இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல் தவறாமல் கேட்டாள். அந்தப் பெண்ணைப் பற்றிய வரி வந்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"இது உண்மையா இருக்கு" என்றாள். "இதையே அனுப்பு. என்னிக்காவது அந்த அம்மா காதுல இது விழுந்தா, நமக்காக ஒருத்தி இருக்கான்னு கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

"இருக்கும்மா" என்றேன்.